மாதா படங்களுக்குப் பின்னால் ஒரு கோடு

லோமா தெல் துலார், மெக்சிகோ நகரம்
செப்டம்பர் 9

அன்புள்ள ஒனேசிமோ அண்ணாவுக்கு,

நீ கேட்காமலே எழுதுகிறேன், மன்னித்துவிடு. தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு போனவனுக்குக் கடிதம் போடலாமா என்று வெகுநாள் தயங்கினேன். அம்மாவுக்கு நீ அனுப்பிய தேன் ஒரு ரொட்டிக்கடைப் பெட்டியில் வந்தது. அதன் மேல் டிசிமின் ஊர் முகவரி இருந்தது. உனக்கே தெரியும், எனக்குத் தொலைபேசியில் பேச்சு வராது. காகிதத்தில் கொஞ்சம் வரும்.

உடம்பு எப்படி இருக்கிறது? யுகத்தான் பக்கம் கொசு அதிகம் என்கிறார்கள். அம்மா சுகம். முழங்கால்தான் படியைப் பார்த்தாலே முனகுகிறது. ஆனாலும் விடிந்ததும் தமால் கொழுக்கட்டைப் பானையைத் தள்ளிக்கொண்டு மெட்ரோ வாசலுக்குப் போய்விடுகிறாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நகரத்தில் எந்த இடம் எவ்வளவு தாழ்கிறது, ஏன் தாழ்கிறது என்று வரைபடம் போடும் குழு. பக்கத்து வீட்டில் இருக்கும் உன் ஞானத்தாய் தோன்யா குக்காவிடம் சொன்னேன். "நெலம் எறங்குறத அளக்கவாடி காலேஜுக்குப் போன? கொழாயில தண்ணி எப்ப வரும்னு அளந்து சொல்லு, ஒனக்குப் புண்ணியமா போகும்" என்றார்.

ஒரே ஒரு கேள்வி. நம் மாடியைக் கட்டத் தொடங்கும் முன் அவர் சமையலறைச் சுவரில் முடி போல ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே நீ ஜிப்சத்தில் ஒரு பட்டை பூசி, அதுதான் சாட்சி என்றாய். விரிசல் வளர்ந்தால் சாட்சி உடையும் என்று எனக்கும் காட்டினாய். அது எப்போது உடைந்தது?

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
அனாயெலி


டிசிமின்
அக்டோபர் 14

அனாயெலிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். கொசு இருக்கிறது, பழகிவிட்டது. அம்மாவை முழங்காலுக்குத் துணி கட்டிக்கொள்ளச் சொல்.

இங்கே ஒரு சாண் தோண்டினால் பாறை. எந்த வீடும் அடுத்த வீட்டின் மேல் சாய்வதில்லை. நல்ல ஊர்.

நீ கேட்டது மறந்துபோய்விட்டது. வேலை அதிகம்.

ஒனேசிமோ


லோமா தெல் துலார்
அக்டோபர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் போட்டாயே, அதுவே போதும். அம்மா துணி கட்டிக்கொண்டாள். "எழுதினானா?" என்று மட்டும் கேட்டாள். கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. ஆனால் நான் குளித்துவிட்டு வந்தபோது அது மேஜையில் வேறு பக்கம் கிடந்தது. உறையைப் பிரித்தபோதே காகிதத்தின் ஓரமெல்லாம் மாவு இருந்தது. கொத்தனாரான நீ அங்கே சுவர் கட்டவில்லை, இல்லையா?

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் அரசாங்கத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். நம் வீட்டையும் தோன்யா குக்கா வீட்டையும் மட்டும் பார்த்தார். இரண்டையும் இடிக்க வேண்டும், காரணம் நம் மாடியின் எடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக் கட்டுமானத்தால் வந்த சேதம் என்றால் மாற்று வீடு கிடையாது. மார்ச்சில் தெருக்கூட்டத்தில் முடிவாகும். தோன்யா குக்காவின் சுவர் விழுந்த அன்று தெரு உன் மேல் போட்ட பழிக்கு இப்போது முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே நம் தெருவைத் திரையில் தேடினேன். செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் ரேடாரால் தரையைத் தொட்டுப் பார்க்கிறது. போன முறையை விட எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று நிறம் காட்டுகிறோம். குன்றுப் பக்கம் பச்சை, அசையவில்லை. மெட்ரோப் பக்கம் சிவப்பு, வருடத்துக்கு ஒரு சாண் இறங்குகிறது. பச்சையும் சிவப்பும் முட்டிக்கொள்ளும் இடம் நம் தெரு. ஆனால் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு வீட்டை விடப் பெரியது. எந்தச் சுவர் என்று அது சொல்லாது. சுவர்களை நான் நேரில் பார்க்க வேண்டும். அதற்குக் கதவைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு என்ன சொல்வது என்றே தெரியவில்லை, அண்ணா. இரண்டு முறை தோன் ஃபிதென்சியோ கடை வரை போய் முட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் முட்டை நிறைய இருக்கிறது.

சிலுவைத் திருநாளுக்கு நீ மாடியில் நட்ட சிலுவை, நீயே பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனது, அங்கேயே இருக்கிறது.

அனாயெலி


டிசிமின்
நவம்பர் 27

அனாயெலிக்கு,

சுகம். மறக்கவில்லை. தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றிய இரண்டாவது வாரம் சாட்சி உடைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஞானத்தாயின் சமையலறைச் சுவர் விழுந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

சாட்சி பொய் சொல்லாது. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிவிடு. அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன்.

முட்டை வாங்குவதை நிறுத்து.

ஒனேசிமோ


லோமா தெல் துலார்
டிசம்பர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலத்துக்கும் மேலே இருக்கிறோம். காரணத்தைக் கேள்.

பன்னிரண்டாம் தேதி குவாதலூப்பே மாதா திருநாள். காலைப் பூசைக்கு எல்லோரும் வீட்டு மாதா படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முதுகில் கட்டி, மந்திரிக்கக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். தோன் ஃபிதென்சியோவின் படம் கண்ணாடி போட்ட பெரிய படம். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. "எர்லிந்தா மகளே, ஒரு கை பிடி" என்று அம்மா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் தட்டாமலே ஒரு கதவு திறந்தது.

படத்தைத் தூக்கினோம். பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். விரல் நுழையும் அகலம். பழைய செய்தித்தாளை அடைத்து வைத்திருந்தார்.

"பாத்துட்டியா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் மூச்சு விடாத. குடியிருக்க ஆகாதுன்னு செவப்பு ஸ்டிக்கர ஒட்டி நடுத்தெருவுல நிறுத்திடுவானுங்க. என் பெரிய மகன் அந்த ரூம் கட்டுறப்ப சிமெண்ட்ட கொறச்சுட்டான், நாசமா போனவன்."

மாதாவைத் தெருமுனை வரை கொண்டுபோய்விட்டு ஓடி வந்து, அடுத்த வீட்டில் போய் நின்றேன். "படம் தூக்கணுமா?" என்று கேட்டேன். அண்ணா, அந்த இரண்டு வார்த்தையில் என் வாழ்க்கையின் கூச்சமெல்லாம் செலவாகிவிட்டது. அங்கேயும் மாதாவுக்குப் பின்னால் விரிசல். அவர்கள் செத்துப்போன மாமனாரைக் குறை சொன்னார்கள். சலூன்காரர் தன் கண்ணாடியைக் குறை சொன்னார், கனம் தாங்கவில்லையாம். சோள ரொட்டிக் கடையில் இயந்திரத்தின் அதிர்வு. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்து, வீட்டில் இருப்பதிலேயே பெரிய படத்தை மாட்டி மூடியிருக்கிறார்கள். அதனால்தான் நம் தெருவில் மாதா எங்கேயும் நடுச்சுவரில் இல்லை. ஒரு வீட்டில் கதவோரம், ஒரு வீட்டில் அலமாரி இடுக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் எல்லா மாதாக்களையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தேன். ஒரே கோடு, அண்ணா! பச்சையும் சிவப்பும் முட்டிக்கொள்ளும் அதே கோடு. நம் வீட்டுக்கும் தோன்யா குக்கா வீட்டுக்கும் நடுவே வந்து, நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது.

அனாயெலி


டிசிமின்
ஜனவரி 8

அன்புள்ள அனாவுக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் புத்தாண்டு வாழ்த்து. எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை.

விரிசல் சாய்வாகப் போகிறதா, நேராக நிற்கிறதா? எடையால் வந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும். இரண்டு பக்கத் தரையும் ஒரே மட்டமா? படி போல இருந்தால் எந்தப் பக்கம் கீழே? ஃபிதென்சியோ வீட்டில் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார். எல்லா வீட்டிலும் சாட்சி வை. கையகலம் போதும், விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். கனமாக வைத்தால் உடையாமல் உன்னை ஏமாற்றும். சுவரை நனைத்துவிட்டுப் பூசு. ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதி கீறு.

ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. வேலையைச் சரியாகச் செய் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒனேசிமோ


லோமா தெல் துலார்
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி விட்டதா? உன் தேனை நீயே கொஞ்சம் குடி. அம்மாவுக்கு வியாபாரம் நன்றாகப் போகிறது.

நேராக நிற்கிறது. எல்லா வீட்டிலும் மெட்ரோப் பக்கம்தான் கீழே. டியூப் மட்டத்தை ஒரு முனையில் தோன்யா குக்கா பிடித்தார். "அசையாத பிடிங்க" என்றேன். "நான் அசையலடி, நெலம்தான் அசையுது" என்றார்.

சாட்சி வைக்க விடுவார்களா என்று பயந்தேன். படத்துக்குப் பின்னாலேயே வைக்கிறேன், அவரவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொன்னதும் விட்டார்கள். இப்போது ஒன்று பாக்கியில்லாமல் உடைந்துவிட்டது. "என்ன ஆச்சு ஒங்க சாட்சி?", "படுத்துட்டாரு, ஒங்களுது?" என்று தெருவில் இதே பேச்சு.

ஏன் தாழ்கிறது என்று கேட்பாய். ரொட்டிக்கடையில் இருப்பவனுக்குச் சொல்வது சுலபம். நம் மெட்ரோப் பக்கம் பழைய ஏரியின் களிமண். பிசைந்த மாவு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கிறது. மெட்ரோவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆழ்கிணறுகள் வருடக்கணக்காக அடியிலிருந்து உறிஞ்சுகின்றன. காய்ந்த மாவு போல அது சுருங்குகிறது. குன்றுப் பக்கம் எரிமலைப் பாறை, சுருங்காது. பாறை சட்டென்று முடிந்து களிமண் தொடங்கும் விளிம்பு மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. அதன் மேல்தான் நம் சுவர்கள் நிற்கின்றன.

ஆனால் இஞ்சினியர் என்ன சொல்வார் என்று தெரியும். கோடு இருக்கட்டும், இந்த இரண்டு வீட்டை உடைத்தது மாடியின் எடைதான் என்பார். அதற்கு என்ன பதில் என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பந்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு அணிகளும் வழக்கம் போல மேட்டுப் பக்கத்து மேல் கோல் யாருக்கு என்று அடித்துக்கொண்டன. "கீழ் கோல் எங்களுக்கு வேணாம், பந்து தானா உருண்டு உள்ள போயிருது" என்று கத்தினார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். மைதானத்தில் வீடு இல்லை. மாடி இல்லை. ஒரு செங்கல் கூட இல்லை. கோட்டை நீட்டினேன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போகிறது. புல்லை விலக்கிப் பார்த்தால் படி போல நிலம் இறங்கியிருக்கிறது, நம் சுவரில் இறங்கிய அதே அளவு.

உன் சாட்சி உடைந்த வாரத்து ரேடார் படங்களையும் பழைய தொகுப்பிலிருந்து எடுத்தேன். அந்த வாரம் மைதானமும் இறங்கியது, ஃபிதென்சியோ வீடும் இறங்கியது. சாட்சி பொய் சொல்லவில்லை, அண்ணா. நீ ஒரே ஒரு சாட்சியைத்தான் கேட்டாய்.

அனாயெலி


டிசிமின்
மார்ச் 5

அனா,

சுகம். கூட்டத்தில் நீதானே பேசுகிறாய்? வேறு யாரிடமும் கொடுக்காதே. உடனே எழுது.

ஒனே


லோமா தெல் துலார்
மார்ச் 18

அன்புள்ள ஒனே அண்ணாவுக்கு,

அம்மா நலம், நான் நலம், தெருவே நலம். ஜெயித்துவிட்டோம்!

கூட்டம் தெருவிலேயே நடந்தது, நாற்காலி போட்டு. இஞ்சினியர் முதலில் பேசினார். இரண்டு வீடு, ஒரு மாடி, எடை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மைதானத்தைப் பற்றி எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "மைதானத்துல இருக்கு, சரி. நடுவுல இத்தன வீடு இருக்கே, அதுல எதுலயும் விரிசல் இருக்கறதா யாரும் புகார் குடுக்கலையேம்மா?"

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன், அண்ணா. அந்த நேரம் உன்னைத்தான் நினைத்தேன்.

தோன்யா குக்கா எழுந்தார். அவசரமே இல்லாமல் வீட்டுக்குள் போனார். படுக்கையறை மாதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க சார், உள்ள வந்து பாருங்க. சமையக்கட்டுல விழுந்தது வாலு. தல இங்க இருக்கு. ஒனேசிமோ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. ஸ்டிக்கருக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன். என் ஞானப்பிள்ளய ஊர விட்டு அனுப்பிட்டு மூடிக்கிட்டேன். இன்னிக்கு ஒட்டுறதுன்னா என் நெத்தியில ஒட்டுங்க."

பிறகு தோன் ஃபிதென்சியோ, "ஏய், என் இடுப்ப யாராவது பிடிங்கப்பா, நானும் எறக்கணும்" என்றார். அப்புறம் சலூன்காரர். அப்புறம் சோள ரொட்டிக் கடைக்காரர். தெரு நெடுக ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாதா வெளியே வந்து நின்றாள், டிசம்பர் பண்டிகை மறுபடி வந்த மாதிரி. இஞ்சினியர் ஒவ்வொரு வீடாகப் போனார். உடைந்த சாட்சிகளையும் நான் கீறிய தேதிகளையும் படித்தார். கடைசி வீட்டிலிருந்து வரும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இது ஒரு வீட்டோட தப்பு இல்ல. நான் ரெண்டு வீட்டோட நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார் எல்லோர் முன்னாலும். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, நிலப்பிளவு என்று புதிதாக எழுதிவிட்டார். யாரையும் வெளியே தள்ளப் போவதில்லை. கோட்டின் மேல் நிற்கும் அறைகளை மட்டும் எடுத்துவிட்டுப் பாறைப் பக்கம் நகர்த்திக் கட்டலாம், கட்டுமானப் பொருள் அரசாங்க வீட்டுத் திட்டத்திலிருந்து வரும். பக்கத்து ஆழ்கிணற்றை ஓய்வில் விட்டு அளக்கப் போகிறார்கள். நகரம் இறங்குவது இதனால் நிற்காது, எனக்குத் தெரியும். ஆனால் நம் மாடி நிற்கும்.

பட்டாசு வெடித்தார்கள். சலூன்காரர் யாரிடமும் காசு வாங்காமல் அன்று முழுக்க முடி வெட்டினார், எல்லோர் தலையும் ஒரே மாதிரி இருக்கிறது. அம்மா அழவில்லை. தமால் பானையைத் தெருவில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "சாப்பிடுங்க, என் மகன் கட்டுன மாடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அனாயெலி


டிசிமின்
ஏப்ரல் 2

அனா,

கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். அடுப்பில் இருந்தது கருகிவிட்டது. முதலாளி கத்தினார், சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து வந்த பிறகு நான் சுவர் பூசும் கரணையைத் தொடவில்லை. உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கை மறந்திருக்கும்.

ஞானத்தாயிடம் அவருடைய ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல்.

ஒனே


லோமா தெல் துலார்
ஏப்ரல் 14

அன்புள்ள ஒனே அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சிரித்ததாக எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை அவளே வாங்கிக்கொண்டாள், மறைக்காமல்.

தோன்யா குக்காவிடம் நீ கேட்டதைச் சொன்னேன். "என் அழுத்தத்த அவன் அங்கருந்து கேக்க வேணாம், இங்க வந்து ஏத்தட்டும்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைக் குறை சொன்னார். பக்கத்தில் வெங்காயமே இல்லை.

எங்கள் குழு நம் தெருவைப் பார்த்துவிட்டு மற்ற குடியிருப்புகளிலும் சாட்சி வைக்கத் தீர்மானித்திருக்கிறது. பயிற்சி கொடுக்க என்னை அனுப்புகிறார்கள். விரல் கனத்துக்கு மேல் வேண்டாம் என்று உன் வார்த்தையைத்தான் சொல்கிறேன். கதவையும் நானே தட்டுகிறேன். வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டது.

தோன்யா குக்காவின் புதுச் சமையலறைக்குப் பாறைப் பக்கம் அடித்தளம் தோண்டிவிட்டார்கள். நீ சொல்வாயே, அந்த ஊர் மாதிரியே ஒரு சாணில் கல் தட்டியது. திட்டத்திலிருந்து இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். தோன்யா குக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தண்ணி குடிங்க, தமால் சாப்பிடுங்க, பொறப்படுங்க. எனக்கு ஆள் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். யார் என்று அவர்கள் கேட்டபோது தெருவே உன் பெயரைச் சொன்னது.

தொட்டிக்குப் பின்னால் இருந்த சிலுவையை எடுத்துக் கழுவினோம். அம்மா நீலம் அடித்தாள். தோன் ஃபிதென்சியோ காகிதப் பூ வாங்கி வைத்திருக்கிறார். மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாள், கொத்தனார்கள் நாள். அடித்தளத்தில் சிலுவை நடும் வரை ஒரு கல் கூட வைக்கக் கூடாது என்று தோன்யா குக்கா பிடிவாதமாக இருக்கிறார். அதை அந்த வேலையின் கொத்தனார்தான் நட வேண்டும், வேறு யாரும் நடக் கூடாது என்பது உனக்குத் தெரியும்.

முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன். அப்போது உனக்குத் தர என் கையில் எதுவும் இல்லை. அதனால் சாட்சியைப் பற்றிக் கேட்டேன்.

உன் கரணை அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. துருப்பிடிக்காமல் அம்மா எண்ணெய் பூசி வந்திருக்கிறாள். எனக்கே இன்றுதான் தெரியும். அண்ணா, வந்து அந்தச் சிலுவையை நடு.

உன் தங்கை,
அனாயெலி